அடுத்த வீட்டுக்குத்தானே போறாங்க!

'தூக்கமே வரலை, வாய்க்கு எதுவும் பிடிக்கலை' என்று உங்கள் மாமியார் புலம்புகிறாரா? டெஸ்ட் எல்லாம் எடுத்து நார்மல் என்று வந்துவிட்டதா? ஒன்று யோசியுங்கள். 'சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா' தவிர இன்று அவரிடம் வேறு ஏதாவது பேசினீர்களா?

குற்றம் சொல்லவில்லை. உங்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் தனிமை வெறும் மனக்குறை இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய் வரை அதற்குத் தொடர்பு உண்டு. உலக சுகாதார நிறுவனமே 2023-ல் இதற்கென ஒரு கமிஷன் அமைத்தது.

மருந்து எதிர்வீட்டிலேயே இருக்கலாம். சாயங்காலம் அந்த வீட்டு அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டே ஒரு மணி நேரப் பேச்சு. இங்கேதான் சிக்கல்! 'நம்ம வீட்டு விஷயத்தை அங்க போய்க் கொட்டறாங்க' என்று உங்களுக்குக் கோபம். கொட்டத்தான் செய்வார். (ஆபீசில் நாம் மாமியாரைப் பற்றிப் பேசாததா?) வந்தபிறகு ராத்திரி ஒரு இட்லி கூடுதலாக இறங்குகிறதா, பாருங்கள்.

'யாரோடயும் பேசப் பிடிக்கலை' என்கிறாரா? காதைப் பரிசோதியுங்கள். திரும்பத் திரும்ப 'என்ன?' என்று கேட்கக் கூச்சப்பட்டே ஒதுங்குகிறவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் பேச ஆளே இல்லாத பெரியவர்கள் 14567-க்கு இலவசமாகப் போன் பண்ணலாம்.