மலையும் மூட்டையும் – 9: ஒரு நாள் நடைத் தூரம்

மூட்டையின் பாரத்தைப் பற்றியும், அதைப் பங்கிடும்போது பால்ய சிநேகிதர்களுக்குள்ளேயே எழும் மனஸ்தாபங்களைப் பற்றியும் சென்ற வாரம் எழுதியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், என்னர்டேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், பொதுச் சாலைகள் எட்டாத இடத்தில் தன்னந்தனியாக நிற்கும் பிளாக் செயில் விடுதிக்கு இந்த வாரம் அழைத்துப் போவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அப்படி ஒரு விடுதியை அப்படி ஓரிடத்தில் வைக்க யாருக்குத் தோன்றியது என்று விசாரிக்கப் புகுந்தவனை, 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி ஜெர்மனியில் பெய்த ஒரு மழை வழிமறித்துக்கொண்டது. அதைத் தாண்டாமல் மேலே ஓர் அடி எடுத்துவைக்க எனக்கு மனமில்லை.

மழையில் மாட்டிக்கொண்டவர் ரிஹார்ட் ஷிர்மான் என்ற ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர். 1874-இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்து, கெல்சன்கிர்ஹன் என்ற நிலக்கரி நகரத்தில் சில காலம் பாடம் சொல்லிக்கொடுத்து, பின்பு லென்ன நதிக்கரையில் கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பேர்போன ஆல்டெனா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தவர். புகையிலும் இரைச்சலிலும் வளரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மரத்தையும் ஓடையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைக் காட்டிலும், அவற்றின் அருகிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவது உத்தமம் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகவே, சௌகரியம் கிடைத்தபோதெல்லாம் வகுப்பையே கிளப்பிக்கொண்டு காட்டுக்குள் நடந்துவிடுவார். சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று திரும்புவதற்குள் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், ஒரு வகுப்பையே ஆல்டெனாவிலிருந்து ஆஹன் நகரம் வரையில் நாட்கணக்கில் நடத்திச் செல்லத் துணிந்த அந்த மனிதரின் நெஞ்சுரம் விளங்கும்.

அந்த நெடும் பயணத்தின் நடுவேதான், பிரோல் பள்ளத்தாக்கில், இடியும் மின்னலுமாக வானம் பிளந்துகொண்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கிடைக்க, பெஞ்சுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். நடந்து களைத்த சிறுவர்கள் இடி முழக்கத்தையும் பொருட்படுத்தாமல் உறங்கிப்போக, உறக்கம் வராத உபாத்தியாயரின் மனத்தில் மிக எளிய ஒரு யோசனை உதித்தது. பள்ளிக்கூடம் இல்லாத கிராமம் ஜெர்மனியில் அபூர்வம். அந்தப் பள்ளிக்கூடங்களெல்லாம், பிள்ளைகள் ஊர் சுற்றக் கிளம்பும் அதே விடுமுறைக் காலத்தில்தான் பூட்டிக் கிடக்கின்றன. இவற்றில், ஒன்றுக்கொன்று ஒரு நாள் நடைத் தூரத்தில் இருப்பவற்றைத் தேர்ந்து, இரவில் இளைஞர் தங்கும் இடமாகத் திறந்துவிட்டால் என்ன?

இந்த வாரம் முழுவதும் என்னை ஆட்டிப் படைத்துக்கொண்டிருப்பது ‘ஒரு நாள் நடைத் தூரம்’ என்ற அந்த அளவுகோல்தான். மலையில் தங்குமிடம் அமைக்கும் யோசனை ஷிர்மானுக்கு முன்பே இருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சங்கத்தார் குடில்கள் கட்டியிருந்தார்கள். ஆனால் சிகரம் ஏறுகிறவனுக்கு விடியற்காலையில் புறப்பட வசதியாக அவை சிகரத்தை நோக்கி நின்றன. பொஹிமியாவின் ஹொஹன் எல்பெ நகரத்தில் கிடோ ரோட்டர் என்பவர் 1884-இலேயே மலைப்பிரதேசத்தில் விடுதி ஏற்பாடு செய்தார். ஆனால் அது உயர்தரப் பள்ளிகளிலும் சர்வகலாசாலைகளிலும் படிக்கும் மாணவர்களுக்காக. ஷிர்மானோ, கம்பித் தொழிற்சாலைக் கூலிக்காரனின் பத்து வயதுப் பையனுடைய கால்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். அந்தக் கால்கள் மாலையில் எங்கே ஓய்ந்து போகின்றனவோ அங்கே ஒரு படுக்கை இருக்க வேண்டும் என்பதே அவருடைய சூத்திரம். யாத்திரிகனின் நடையை அளந்து வழிநெடுகச் சத்திரம் கட்டிவைத்த நாட்டில் பிறந்த நமக்கு இதன் அருமை சுலபமாகப் புரியும். ஆனால் நம் யாத்திரிகனுக்கு இராமேசுவரம் என்ற ஓர் இலக்கு இருந்தது, ஷிர்மானின் பையனுக்கோ நடப்பதைத் தவிர வேறு இலக்கே இல்லை.

மலையில் ஒரு நாள் நடை என்பது எவ்வளவு? மைல் கல்லைப் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. ஸ்காட்லாந்து மலையேறிகளில் ஒருவரான வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அத்துடன், ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். பன்னிரண்டு மைல் தூரத்தில் நாலாயிரம் அடி ஏற்றமும் சேர்ந்திருந்தால், நாலும் இரண்டும் ஆறு மணி நேரம். இன்றுவரையில் மலை நடைக்காரர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முதலில் போடும் கணக்கு இதுதான். சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் நிற்கும் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகளிலும் அடுத்த ஊருக்கு இத்தனை மணி நேரம் என்றுதான் எழுதியிருக்கும். தூரத்தைக் காண்பது அரிது.

ஆனால் நைஸ்மித்தின் கணக்கில் சிநேகிதர்களுக்கு இடமில்லை. கூட்டமாக நடக்கும்போது, ஒருவருக்குக் குதிகாலில் கொப்புளம் கண்டுவிடும். இன்னொருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மூட்டையை இறக்கிப் புகைப்படக் கருவியைத் தேடுவார். மூன்றாமவர் மதிய உணவைப் பதினோரு மணிக்கே பிரித்துவிடுவார். வேகமாக நடக்கக்கூடிய நான்காமவரோ, தாம் முன்னால் போவது பிறருக்கு உபகாரம் என்று எண்ணிக்கொண்டு, பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போனார் என்பதே தெரியாதபடி மறைந்துவிடுவார். ஆகையால் அனுபவஸ்தர்கள் எல்லாரிலும் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் நடையையே கூட்டத்தின் நடையாக வைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளோடு நடந்த ஷிர்மானுக்கு இந்த நியாயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவருடைய விடுதிகளுக்கு நடுவே உள்ள தூரம் கடைசியில் வருகிறவனின் தூரமாகவே அமைந்தது.

யோசனை உதித்ததற்கு மறு ஆண்டு அதைப் பத்திரிகையில் ஒரு கட்டுரையாக எழுதினார். ஆதரவும் நன்கொடையும் வந்தன. அப்போது புதுப்பிக்கப்பட்டு வந்த ஆல்டெனாக் கோட்டையில், 1912-இல், உலகத்தின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி ஏற்பட்டது. பழைய பிரபுக்கள் வாழ்ந்த கற்சுவர்களுக்கு நடுவே, கனமான மரத்தால் மூன்று அடுக்குக் கட்டில்களைச் செய்து போட்டுத் தொழிலாளர் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள். அந்த அறைகள் இன்றும் காட்சிக்கூடமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. உலகமெங்கும் மலை விடுதிகளில் மேல் கட்டில் யாருக்கு, கீழ்க் கட்டில் யாருக்கு என்று இன்று சிநேகிதர்கள் போடும் சண்டைக்கெல்லாம் மூலஸ்தானம் அதுவே.

இந்த இடத்தில் யுத்தம் குறுக்கிடுகிறது. 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஷிர்மான் வோஜ் மலைத்தொடரில் ஜெர்மன் படைவரிசையில் இருந்தார், எதிரே பிரெஞ்சுக்காரர். கிராமத்து ஆலயங்களில் மணி ஒலித்ததும் இரு தரப்புச் சிப்பாய்களும் உத்தரவுக்குக் காத்திராமல் சுடுவதை நிறுத்திவிட்டு, கைவிடப்பட்ட பதுங்கு வழிகளின் ஊடே ஒருவரையொருவர் சந்தித்து, ஒருவர் ஒயினும் சிகரெட்டும் கொடுக்க, மற்றவர் கறுப்பு ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொடுத்து உறவாடிய காட்சியை அவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். இராணுவக் கட்டுப்பாடு சீக்கிரமே திரும்பிவிட்டது. ஆனால், எல்லாத் தேசத்து இளைஞர்களும் சந்தித்துப் பழக ஓரிடம் அமைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி உபாத்தியாயரை விடவில்லை. பள்ளத்தாக்கு மழையில் தோன்றிய யோசனைக்கு மலைமுகட்டில் இரண்டாவது அர்த்தம் கிடைத்தது. 1925-இல், இராணுவம் பயன்படுத்திய ஒரு முகாமையே குழந்தைகள் கிராமமாக மாற்றி நடத்திக் காட்டியவர் அவர் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அதன் பின் வளர்ச்சி துரிதமாக நடந்தது. முப்பதுகளின் ஆரம்பத்தில் ஜெர்மனியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள். 1930-இல் இங்கிலாந்தில் சங்கம். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச மகாநாடு. 1934-இல் அமெரிக்காவின் முதல் விடுதி, அதைத் திறந்ததும் ஓர் உபாத்தியாயத் தம்பதி. அந்நாளில் ஆங்கிலேய விடுதிகளில் ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். உறைபோல் தைத்த படுக்கை விரிப்பை அவரவரே சுமந்து வர வேண்டியிருந்தது. காலையில் கூட்டுவது, பாத்திரம் கழுவுவது என்று ஏதேனும் ஒரு வேலையைச் செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் கண்டிப்பான விதி, கால் பலத்தாலோ சைக்கிளாலோ வந்தவனுக்கே இடம், மோட்டாரில் வந்து இறங்குகிறவனுக்கு இல்லை என்பதாக இருந்தது. பணக்காரனை வெறுத்துச் செய்த விதியாக இதை நான் கருதவில்லை. மோட்டாரில் வருகிறவனுக்கு அடுத்த ஊர் அரை மணி நேரத்தில் இருக்கிறது. நடந்து வருகிறவனுக்கு அது நாளைக்குத்தான் வரும். படுக்கை யாருக்குத் தேவை என்பதை அந்த விதி நடைக் கணக்கிலேயே தீர்மானித்துவிட்டது.

ஸ்தாபகருக்கு மட்டும் சொந்த நாட்டில் சுகமில்லை. 1933-இல் நாஜிகள் ஜெர்மன் விடுதிகளைத் தங்கள் இளைஞர் படையின் வசமாக்கிக்கொண்டார்கள்; 1936-இல் சர்வதேச விடுதிச் சங்கத்தின் தலைமைப் பதவியிலிருந்தும் ஷிர்மானை விலகச் செய்தார்கள். அந்த ஆட்சியின் அஸ்தமனத்தையும் பார்த்துவிட்டு, 1961-இல் அவர் காலமானார்.

இனி, வழியிலே விட்டுவந்த பிளாக் செயில். ஆதியில் ஆட்டிடையர் குடிலாக இருந்த அந்தச் சிறிய கட்டடத்தை ‘எட்டாக் கையில் இருக்கும் விடுதி’ என்று வர்ணிக்கிறவர்கள் எல்லாரும் மோட்டார் சாலையிலிருந்து அளக்கிறார்கள். பட்டர்மியர்ப் பக்கமிருந்து ஒரு கணவாயும் வாஸ்டேல் பக்கமிருந்து இன்னொரு கணவாயும் அதன் அருகே வந்து இறங்குகின்றன. மூட்டையோடு மலையைக் கடந்து வருகிறவனின் கால்கள் எந்த இடத்தில் போதும் என்கின்றனவோ, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் அது இருக்கிறது. அந்த விடுதியின் சமையலறையையும், அங்கே இரவு கூடும் அந்நியர்களின் சம்பாஷணையையும் எழுத இந்த வாரம் பத்திராதிபர் கொடுத்த பக்கத்தில் இடமில்லை. அடுத்த வாரம் பட்டர்மியரிலிருந்து ஸ்கார்த் கேப் கணவாய் வழியாக ஏறுவோம். வரைபடம் கைவசம் உள்ள வாசகர்கள் அதற்குள் நைஸ்மித் கணக்கைப் போட்டு வைத்திருக்கட்டும். மெதுவாக நடப்பவர்கள் முன்னால் வரலாம்.

(தொடரும்)