கரன்ட்டில் ஓடும் குட்டி யானை... நம்மூருக்குக் கட்டுப்படியாகுமா?

கீரமங்கலத்துப் பூவோ, வடகாட்டுப் பலாவோ... புதுக்கோட்டைப் பக்கம் லோடு என்றாலே ‘குட்டி யானை’தான். 2005-ல் வந்த டாடா ஏஸுக்கு நம்மவர்கள் வைத்த செல்லப்பெயர்.

அதன் தம்பி ஏஸ் ப்ரோ, 2025 ஜூனில் வந்தது. அறிமுகமானபோது ஆரம்ப விலை பெட்ரோலில் 3.99 லட்சம், மின்சாரத்தில் 6.50 லட்சமாக இருந்தது. மின்சார வண்டியில் கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை, புகையும் இல்லை. 750 கிலோ ஏற்றலாம்.

இடிப்பது அந்தக் கூடுதல் இரண்டரை லட்சம்தான். ஒரு கணக்குப் போடுவோம். பேட்டரி 14.4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் முழு சார்ஜுக்கு 120 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கம்பெனி சொல்வது 155 கிலோமீட்டர். லோடோடு 100 என்றே வைப்போமே. அதே தூரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல் என்றால் சுமார் 500 ரூபாய். தினமும் ஓடினால் இரண்டு வருஷத்தில் கூடுதல் பணம் திரும்பிவிடும். கடன் வட்டி தனி!

ஆனால், பூ வரத்து குறையும் மாதங்களில் வண்டி சும்மா நிற்குமே? தவணை நிற்காதே! ஆலங்குடி, புதுக்கோட்டை என்று சுற்றுபவருக்குக் கவலையில்லை. திருச்சி போய்த் திரும்பினால் நூறைத் தாண்டும். வழியில் சார்ஜ் போட இடம் பார்த்துவைக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள், ஷோரூமில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். லோடு ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.