நோட்டின் எண்ணும் அதன் மதிப்பும்

தபால் தலைகளைப் போலவே பழைய வெளிநாட்டு நோட்டுகளைச் சேகரிப்பதிலும் எங்கள் வகுப்பில் சிலருக்கு ஆர்வம் உண்டு. துருக்கி நாட்டின் 2 கோடி லிரா நோட்டைக் கையில் எடுப்பவர் எவரும் ஒரு கணம் தம்மைக் கோடீஸ்வரராகவே எண்ணிக்கொள்வர். ஆனால் அதன் உண்மையான மதிப்பு என்ன? இதனை அறிய நாம் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற்கேள்வி: அந்நாடு தன் பணத்திலிருந்து எத்தனை பூஜ்யங்களை நீக்கிற்று?

துருக்கியில் பல்லாண்டுகளாக விலைவாசி ஏறிக்கொண்டே சென்றது. அதனால் 2001ஆம் ஆண்டில் 2 கோடி லிரா நோட்டையே வெளியிட வேண்டியதாயிற்று. பின்னர் 2005 ஜனவரி 1ஆம் நாள் ஆறு பூஜ்யங்கள் நீக்கப்பட்டன. பழைய 10 லட்சம் லிரா, புதிய 1 லிரா ஆயிற்று. 2 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது 20. ஆகவே அந்த நோட்டின் மதிப்பு 20 புதிய லிராதான்.

அப்படியானால் அன்று மக்கள் ஒரே இரவில் ஏழைகளாகிவிட்டனரா? இல்லை. ரொட்டியின் விலை, தொழிலாளியின் கூலி, வாங்கிய கடன், வங்கியிலிருந்த சேமிப்பு யாவும் அதே எண்ணால் வகுக்கப்பட்டன. மக்களின் சேமிப்பைக் கரைத்தது அதற்கு முன் நிகழ்ந்த பணவீக்கமே ஆகும்.

இரண்டாம் கேள்வி: நோட்டு எந்த ஆண்டில், யாரால் வெளியிடப்பட்டது?

ஒரே பெயருடைய பணம் பலமுறை மாறியிருக்கக்கூடும். ஜெர்மனியின் 'மார்க்' இதற்குச் சிறந்த சான்று. 1923 நவம்பரில் 1 லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஈடாக 1 ரென்டன்மார்க் என்று வைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த முதியோர் பலர், தம் சேமிப்பு ஒரு ரொட்டிக்கும் போதாமற் போனதைக் கண்டு கலங்கினர். அக்காலத்து நோட்டை இன்று எந்த வங்கியும் ஏற்காது. ஆனால் 1948இல் மேற்கு ஜெர்மனியில் பிறந்த 'டாய்ச் மார்க்' வேறு. 1.95583 மார்க்குக்கு 1 யூரோ வீதம் ஜெர்மனியின் மத்திய வங்கி அதனை இன்றும் மாற்றித் தருகிறது. 100 மார்க் நோட்டுக்குச் சுமார் 51 யூரோ கிடைக்கும். ஆகவே எண்ணைப் படிக்குமுன் ஆண்டையும் வங்கியின் பெயரையும் படித்தல் நலம்.

மூன்றாம் கேள்வி: மாற்றிக்கொள்ளும் காலக்கெடு முடிந்துவிட்டதா?

துருக்கி தன் பழைய நோட்டுகளை மாற்றிக்கொள்ளப் பத்தாண்டு அவகாசம் தந்தது. அது 2015 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. நம் கணக்குப்படி 20 லிராவாகிய அந்த நோட்டுக்கு இன்று வங்கியில் ஒரு காசும் கிடைக்காது.

இத்துடன் நோட்டின் கதை முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே 2009இல் 100 லட்சம் கோடி டாலர் நோட்டை வெளியிட்டது. ஒன்றுக்குப் பின் பதினான்கு பூஜ்யங்கள்! 2015இல் அந்நாட்டு அரசு இத்தகைய நோட்டுகளில் 250 லட்சம் கோடிக்கு 1 அமெரிக்க டாலர் தந்தது. அதாவது அந்த நோட்டுக்கு 40 சென்ட். ஆனால் சேகரிப்போர் அதைவிடப் பன்மடங்கு கொடுத்து வாங்குகின்றனர். அது அரிய பொருளுக்குரிய விலை. நோட்டு மடிப்பும் கிழிசலும் இன்றி இருந்தால் கூடும், பழுதுபட்டால் குறையும்.

ஆகவே தோழியரே, கோடி என்று அச்சிட்ட காகிதத்தைக் காட்டி, "வங்கியில் கொடுத்தால் பெருந்தொகை கிடைக்கும்" என்று எவரேனும் ஆசை காட்டினால் இம்மூன்று கேள்விகளையும் கேட்போம். ஒரு வகுத்தல் கணக்கும் சற்றுப் பொறுமையும் நம் வீட்டார் உழைத்துச் சேர்த்த பணத்தைக் காத்துத் தரும்.