மீண்டும் காட்டுப்பாதைக்கு: காயத்திற்குப் பின் களம் காணுதல்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வருவோர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றே: “பழையபடி எப்போது ஆவேன்?” மாடிப்படி ஏற விரும்பும் முதியவரும் இதனைக் கேட்கிறார், பந்தயத்துக்குத் திரும்ப விரும்பும் வீரரும் கேட்கிறார். வீரருக்குச் சொல்லும் விடை ஏனையோர்க்கும் பயன்படும். எனவே, உடலைப் பல வகையிலும் சோதிக்கும் காட்டுப்பாதை டிரையத்லானைக் கொண்டு அவ்விடையை விளக்க முற்படுகிறோம்.

1996ஆம் ஆண்டு ஹவாயின் மாவி தீவில் தொடங்கி உலகெங்கும் பரவிய எக்ஸ்டெர்ரா, இவ்வகைப் போட்டிகளில் புகழ்பெற்றது. ஏறத்தாழ 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. மலைச் சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிகழும். பாதையில் வேர்களும் கற்களும் சேறும் நிறைந்திருக்கும். சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றுவதால் காறை எலும்போ மணிக்கட்டோ முறியலாம். தலை மோதி மூளையதிர்ச்சி ஏற்படலாம். ஓடுபவர்க்குக் கணுக்கால் சுளுக்கும் முழங்கால் காயமும் நேர்வதுண்டு.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓய்வுக்குப் பின் இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே தேறத் தொடங்குகின்றன. எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவில் தேறுவதில்லை. முறிந்த காறை எலும்பு கூடுவதற்குப் பெரியவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரை அறுவை சிகிச்சையால் சீரமைத்தவர்கள், திரும்பித் தாவும் விளையாட்டுகளுக்குக் குறைந்தது 9 மாதங்கள் காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். ஆகவே, “மூச்சு வாங்கவில்லை, வலியும் இல்லை” என்று உணரும் காலமே மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் காலம். வலியின்மை மட்டுமே குணமடைந்ததற்குச் சான்றாகாது.

ஒவ்வொரு படியாக

மூன்று பயிற்சிகள் அடங்கிய விளையாட்டில் ஒரு நன்மை உண்டு. ஒன்று தடைப்பட்டாலும் மற்றொன்றைத் தொடர இயலும். கணுக்கால் காயமுற்றவர், மருத்துவர் இசைந்தபின், கால்களுக்கிடையே மிதவையை வைத்துக் கைகளால் மட்டும் நீந்தலாம். பின்னர் நிலைச் சைக்கிள், அடுத்துச் சமதள ஓட்டம், இறுதியாகக் கரடுமுரடான பாதை. காறை எலும்பு முறிந்தவர்க்கு இவ்வரிசை மாறும். அவர் நடைப்பயிற்சியிலும் நிலைச் சைக்கிளிலும் தொடங்குவார். கையைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டிய நீச்சலும், மீண்டும் விழ வாய்ப்புள்ள மலைச் சைக்கிளும் பின்னரே வரும்.

தூரம், வேகம், பாதையின் கடுமை ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுதல் நன்று. மறுநாட்காலையில் வீக்கமோ வலியோ மிகுந்திருந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். காலில் காயமுற்றவர்க்கு இரு கால்களின் வலிமையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒற்றைக் காலில் நிற்கவும் தாவவும் செய்கிறோம். காயமுற்ற கால் மற்றதன் வலிமையில் 90 விழுக்காட்டையேனும் எட்டுவது வழக்கமான அளவுகோல்.

தலையில் அடிபட்டவர் அன்றே போட்டியைத் தொடர்தல் கூடாது. தலைவலி, தலைச்சுற்றல், மறதி ஆகியவை நீங்கி மருத்துவர் ஒப்புதல் அளித்த பின்னரே களம் இறங்க வேண்டும். அடிவாங்கிய தலைக்கவசத்தையும் மாற்றிவிட வேண்டும்.

பழைய இடம் கிட்டாதபோது

எல்லோரும் விட்ட இடத்துக்கே திரும்புவதில்லை. அமெரிக்க வீராங்கனை ஜேமி விட்மோர் 2004இல் எக்ஸ்டெர்ரா உலக வாகையர். 2008இல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கட்டியை அகற்றும் சிகிச்சையில் காலின் முதன்மை நரம்பையும் இழந்தார். இடக்கால் பெரிதும் செயலிழந்தது. அவர் மாற்றுத்திறனாளர் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபட்டு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்றார். அனைவருக்கும் பதக்கம் கிட்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. செய்ய இயல்வது எது என்பதை மீண்டும் தேடுவதும் மறுவாழ்வே என்பதற்காகக் கூறுகிறோம்.

உடனிருப்போர்க்கு

விழுந்தவரின் அச்சம் எலும்பு கூடிய பின்னும் நீடிக்கலாம். “இனிச் சைக்கிளைத் தொடவே வேண்டாம்” என்ற தடையும், “இன்னுமா ஆகவில்லை?” என்ற அவசரமும் அவருக்குச் சுமையே. அன்றன்றைய பயிற்சியையும் மறுநாள் வலியையும் ஒரு குறிப்பேட்டில் எழுத உதவுங்கள். முதல் சில பயணங்களில் உடன் செல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, கைகால் மரத்துப்போனாலோ உடனே எங்களிடம் தெரிவியுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது அக்குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். “எப்போது முடியும்?” என்ற வினாவுக்கு எங்களால் உறுதியான நாள் குறிக்க இயலாமற்போகலாம். “அடுத்த படி எது?” என்று கேட்டால், அன்றே உங்களுக்கு விடை கூற முயல்வோம்.