பெட்டியும் ஸ்பீக்கர்தான்!

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். தூரத்தில் ஒரு கார் வரும். பாட்டு வருவதற்கு முன்னால் டிக்கி வந்துவிடும்! 'தும் தும்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கடகட கடகட' என்று நம்பர் பிளேட் ஆடும். உள்ளே இருப்பவருக்கு ரொம்பப் பெருமை. என்ன பாட்டு என்றுதான் நமக்கு விளங்காது.

அந்த அண்ணன் சப்வூஃபருக்கு நிறையவே செலவு செய்திருப்பார். அதை அடைத்து வைக்கும் பெட்டிக்குத்தான் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். "டிக்கியில எது அடங்குதோ அதுதான் சார் சைஸ்" என்று கடையில் ஒரு ரெடிமேட் பெட்டியை மாட்டி அனுப்பியிருப்பார்கள். நாமே வீட்டில் பெட்டி செய்தால் காசு மிச்சமா என்று கேட்டால், பெரிதாக இல்லை என்பதே உண்மை. பலகை, பசை, ஆசாரி கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே தொகை வரும். ஆனால் நம் ஸ்பீக்கருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை கிடைக்கும். அதற்கு வேண்டியது ஒரு கால்குலேட்டரும் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவும்தான்.

பெட்டி எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு ஒரு 10 அங்குல ஸ்பீக்கர் தடையே இல்லை. முன்னால் தள்ளிய காற்று சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம்! ஸ்பீக்கரை மேஜைமேல் வெறுமனே வைத்துப் பாட விட்டால் பேஸே வராததற்குக் காரணம் இதுதான். எனவே பின்பக்கத்து அலையைச் சிறை வைக்கிறோம்.

சிறை வைத்த காற்று சும்மா இருக்குமா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கைப்பிடி திருப்பித் தள்ளும். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான், அது ஒரு ஸ்பிரிங். 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் இதையே ஆயுதமாக்கினார். கோனைப் பிடித்திருக்கும் துணி, ரப்பர் ஸ்பிரிங்கை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றே அந்த வேலையைச் செய்யட்டும் என்று விட்டார். அப்படி வந்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கர், அலமாரியில் வைக்கும் அளவுப் பெட்டியில் ஆழமான பேஸ் கொடுத்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961லும், அவரைத் தொடர்ந்து சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதையெல்லாம் எண்களாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்று எந்த நல்ல ஸ்பீக்கரின் டேட்டா ஷீட்டிலும் அவர்கள் பெயரில்தான் அளவுகள் இருக்கும்.

அதில் நமக்கு மூன்று போதும். எஃப்.எஸ். என்பது ஸ்பீக்கர் தானாக ஆடும் அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது ஸ்பீக்கரின் சொந்த ஸ்பிரிங்குக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு, லிட்டரில். க்யூ.டி.எஸ். என்பது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஷாக் அப்சார்பர் போன பஸ், ஸ்பீட் பிரேக்கர் தாண்டிய பிறகும் நாலு தடவை ஆடுகிறதல்லவா? அது க்யூ அதிகமான வண்டி! பெட்டி சிறுசாகச் சிறுசாக க்யூ ஏறும். மூடிய பெட்டிக்குள் போட்ட பிறகு க்யூ 0.707 வந்தால் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சீரான பேஸ்.

சூத்திரம் இதுதான். வேண்டிய க்யூவை க்யூ.டி.எஸ்.ஸால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1ஐக் கழியுங்கள். அந்த விடையால் வி.ஏ.எஸ்.ஸை வகுத்தால் பெட்டியின் கொள்ளளவு வந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு 10 அங்குல ஸ்பீக்கர்: எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 30 லிட்டர். 0.707ஐ 0.5ஆல் வகுத்தால் 1.414. வர்க்கம் 2. ஒன்றைக் கழித்தால் 1. ஆகவே பெட்டி 30 லிட்டர். பெட்டிக்குள் அதன் அதிர்வெண் 32ஐ 1.414ஆல் பெருக்க 45 ஹெர்ட்ஸ். இதே ஸ்பீக்கரை 10 லிட்டர் பெட்டியில் திணித்தால்? க்யூ 1.0, அதிர்வெண் 64 ஹெர்ட்ஸ்! ஆழமான பேஸ் குறைந்து, 64க்கு மேலே ஒரு மேடு விழும். தவில் அடித்தாலும் டிரம் அடித்தாலும் ஒரே 'கும்'தான்.

டேட்டா ஷீட் இல்லாமல் பழைய ஸ்பீக்கர் வாங்கியிருந்தால்? நம் லேபில் ஏ.எஃப். ஆசிலேட்டர் எதற்கு இருக்கிறது! ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் பிடித்துக்கொண்டு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக சிக்னல் கொடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. மில்லிவோல்ட் பார்த்தபடி 20லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள். மீட்டர் எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் எஃப்.எஸ். பிறகு கொள்ளளவு தெரிந்த ஏதாவதொரு மூடிய பெட்டியில் இறுக்கமாகப் பொருத்தி மறுபடி உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1 கழித்து, அந்தப் பெட்டியின் லிட்டரால் பெருக்கினால் ஓரளவுக்கு வி.ஏ.எஸ். கிடைத்துவிடும்.

துளை வைத்த பெட்டி இன்னும் சத்தமாக இருக்குமே என்று எலக்ட்ரானிக்ஸ் நண்பர் கேட்பது காதில் விழுகிறது. இருக்கும். ஆனால் பெட்டி பெரிது, குழாயின் நீளம் கொஞ்சம் தப்பினாலும் கெட்டது. குழாய்க்கு வைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து வைக்க ஆளில்லை, அளவுக்கு மீறி ஆடிவிடும். முதல் பெட்டிக்கு மூடியதே போதும் என்பது என் கட்சி. காருக்கென்றே இதற்கு ஒரு காரணமும் உண்டு. மூடிய பெட்டியில் 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஒலி 12 டெசிபல் வீதம் விழும். கார் அறையோ, தன் நீளத்தைவிட அரை அலை நீண்டுவிட்டால் ஒரு பிரஷர் குக்கர் மாதிரி. 2.75 மீட்டர் நீள அறைக்கு அது சுமார் 62 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே காரே ஒலி அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். கணக்குப்படி அதே 12 டெசிபல்! கதவு இடுக்கும் தகரமும் கொஞ்சம் தின்றுவிடும் என்றாலும், பெட்டி இழப்பதைக் கார் திருப்பித் தருகிறது. வீட்டு ஹாலில் கிடைக்காத சலுகை இது.

இப்போது பலகைக்கு வருவோம். 30 லிட்டர் வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் முதுகும் உள்கட்டையும் அடைக்கும் இடத்தைச் சேர்த்து 33 லிட்டராகச் செய்ய வேண்டும். உள் அளவு 45 x 30 x 24.5 செ.மீ. என்றால் 33 லிட்டர் வந்துவிடும். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் வெட்ட வேண்டியவை: முன், பின் 48.6 x 33.6 இரண்டு, மேல், கீழ் 48.6 x 24.5 இரண்டு, பக்கங்கள் 30 x 24.5 இரண்டு. 8க்கு 4 அடி ஷீட்டில் பாதி வாங்கினால் மிச்சமே இருக்கும். பின் சீட் சாய்வுக்கு ஏற்பப் பெட்டியும் சாய வேண்டுமா? மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் கணக்குக்கான ஆழம்.

18 மி.மீ. எதற்கு, 6 மி.மீ. பிளைவுட் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குல கோனின் பரப்பு சுமார் 330 சதுர செ.மீ. அது 1 செ.மீ. உள்ளே போனால் 0.33 லிட்டர் காற்று நசுங்குகிறது. 30 லிட்டரில் 1.1 சதவீதம். காற்றுக்கான 1.4 மடங்கைச் சேர்த்தால் அழுத்தம் சுமார் 1,560 பாஸ்கல் ஏறும். 45 x 30 செ.மீ. பின்பலகையில் அது 210 நியூட்டன், அதாவது 21 கிலோ! விநாடிக்கு 45 தடவை 21 கிலோ வெளியே தள்ளுகிறது, உடனே உள்ளே இழுக்கிறது. மெல்லிய பலகை என்றால் அதுவும் ஒரு ஸ்பீக்கராகிவிடும், யாரும் கேட்காத ஸ்பீக்கர். ஆகவே ஸ்பீக்கரை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, மறுபக்கம் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு ரீப்பர் துண்டை முட்டுக் கொடுங்கள்.

வெட்டுவதை மரக்கடையில் மெஷினிலேயே வெட்டி வாங்குவது உத்தமம். கை ரம்பத்தில் நேர்க்கோடு வர ஆசாரியின் கை வேண்டும்! ஸ்பீக்கர் துளை மட்டும் ஜிக்சாவில் நாம் வெட்டலாம். அளவை டேட்டா ஷீட்டில் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். எம்.டி.எஃப். தூள் பொல்லாதது, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். ஓரங்களில் ஃபெவிகால் தடவி, டிரில்லில் துளை போட்ட பிறகே ஸ்க்ரூ முடுக்குங்கள். இல்லாவிட்டால் பலகை ஓரம் பிளந்துவிடும். பிடிப்பெல்லாம் பசையில்தான், ஸ்க்ரூ பசை காயும் வரை பிடித்துக்கொள்ளும் நண்பன். உள்மூலைகள் அத்தனையும் சிலிக்கான் சீலன்ட்டால் பூசுங்கள். காடி வாசம் அடங்கி முழுதும் காயும் வரை, குறைந்தது ஒரு நாள், ஸ்பீக்கரைப் பொருத்தாதீர்கள். அந்த ஆவி கோன் ஓரத்துப் பசைக்கு ஆகாது. தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு கொஞ்சம் உள்ளே போட்டால், காற்றுக்குப் பெட்டி சற்றுப் பெரிதானது போல் தோன்றும். பாட்டி வைத்திருக்கும் இலவம்பஞ்சு வேண்டாம், தூள் பறந்து காயில் இடுக்கில் போய் உட்காரும்.

அடுத்தது ஒயர். இங்கே விளையாட்டு கூடாது. 200 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயர் முழு சத்தத்தில் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். (அட்டையில் போட்டிருக்கும் '1000 வாட்' என்பது பெரும்பாலும் கண நேர உச்சக் கணக்கு. ஆர்.எம்.எஸ். என்ன என்று கேளுங்கள், கடைக்காரர் முகம் மாறும்!) மிச்சம் கிடந்த 2.5 சதுர மி.மீ. வீட்டு ஒயரை நாலரை மீட்டர் ஓட்டினால் அதிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 10 சதுர மி.மீ. என்றால் 0.16 வோல்ட்தான். அந்தப் பாசிட்டிவ் ஒயரில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஆம்ப்ளிஃபயரில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்ளிஃபயருக்கு. நடுவில் தகரம் உரசி ஒயர் உரிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதற்குள் கொட்டும். காலடி கார்பெட் எரிய அது தாராளமாகப் போதும். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பெட்டி முடிந்ததும் சோதனை. இரண்டு கைவிரல்களாலும் கோனை மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் நல்லது, படக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை. 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓட விட்டு, ஒரு ஊதுபத்தியை மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டே போங்கள். டெர்மினல் இருக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது.

கடைசியாகப் பெல்ட். பலகையும் ஸ்பீக்கரும் சேர்ந்து சுமார் 15 கிலோ இருக்கும். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதி நின்றால் பெட்டி நிற்காது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெட்டியின் வேகத்தோடு பின் சீட்டில் வந்து மோதும். அங்கே உட்கார்ந்திருப்பது அநேகமாக நம் வீட்டு ஆளாகத்தான் இருக்கும். இரண்டு எல் கிளாம்பும் நாலு போல்ட்டும் போட்டு டிக்கித் தளத்தோடு இறுக்கிவிடுங்கள். டிரில் போடும் முன் குனிந்து அடியில் பாருங்கள், பெட்ரோல் டாங்க் அங்கேதான் இருக்கும்.