ஓங்கிலிடம் ஒரு பாடம்

கடலூர் முதுநகரிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு ஓங்கில் புதிய பிராணியல்ல. படகுக்கு முன்னால் துள்ளிக் குதித்து ஓடும் அதைத்தான் படித்தவர்கள் டால்பின் என்கிறார்கள். பார்வைக்கு மீன், ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி. மீன் வாலை இடமும் வலமுமாக ஆட்டும். ஓங்கில் மேலும் கீழுமாக அடிக்கும். அதன் மூதாதைகள் நிலத்தில் நான்கு காலால் நடமாடியவை. ஓடுகிற நாயின் முதுகு எப்படி மேலும் கீழும் வளைகிறதோ, அந்த வளைவையே ஓங்கில் தண்ணீருக்குள் கொண்டு போயிருக்கிறது. மனிதனுடைய முதுகும் அந்த வழியில்தான் நன்றாக வளையும்.

1935-ல் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலை மாணவர் ஜாக் சீக், ஒருக்களித்துப் படுத்து மீனைப் போலக் கால்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு குப்புறத் திரும்பி, இரு கால்களையும் சேர்த்து அதையே செய்தார். வேகம் பிரமாதமாக இருந்தது. ஆனாலும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1952-ல் வண்ணத்துப்பூச்சி நீச்சல் தனி வகையாகப் பிரிந்த பிறகே இந்த ‘டால்பின் உதை’ பந்தயத்துக்குள் நுழைந்தது.

நீருக்குள் மூழ்கியபடியே உதைத்தால் இன்னும் வேகம். மேற்பரப்பில் நீந்துகிறவன் தன் பலத்தில் ஒரு பங்கை அலை எழுப்புவதிலேயே செலவழித்துவிடுகிறான். சற்று ஆழத்தில் அந்தச் செலவு குறைகிறது. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃப் என்ற அமெரிக்கர், மல்லாந்த நீச்சலில் 30 மீட்டருக்கு மேல் தலையே காட்டாமல் போய், முதல் சுற்றில் உலக சாதனை செய்தார். இறுதியில் தங்கம் வென்ற ஜப்பானியர் டைச்சி சுசுகியும் அதே வித்தைக்காரர்தான். நீச்சல் பந்தயம் பார்க்க வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரிந்தது! பிறகு சர்வதேச சங்கம் குறுக்கிட்டது. இன்று 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும்.

இந்த உதைக்கு நம் ஜில்லாவிலேயே ஒரு பெரிய பெயர் உண்டு. கேரளத்தில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிஷம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே. தாயார் சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளை நீச்சல் பழகியது அந்த ஊர்க் குளத்தில்.

சின்ன வயதில் பழகியவர் சங்கதி அது. முப்பதையும் நாற்பதையும் தாண்டியவர்கள்? சிதம்பரம் பக்கத்தில் பலருக்கு நீச்சல் குரு, கிணறும் வாய்க்காலும்தான். தலையைத் தூக்கிக்கொண்டு கையை வீசி அடித்துக் கரை சேர்ந்துவிடுவார்கள். அவர்களை டால்பின் உதை பழகச் சொன்னால் முழங்காலை மடக்கி மடக்கி சைக்கிள் மிதிக்கிறார்கள். நுரை கிளம்பும், ஆள் நகரமாட்டார்.

உதை முழங்காலில் பிறப்பதல்ல. கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து, காதுகளை மேற்கைகளால் அணைத்துக்கொள்ள வேண்டும். அசைவு நெஞ்சுக்குக் கீழே சிறிதாக எழுந்து, வயிறு, இடுப்பு, தொடை என்று இறங்கி, பாதத்தில் சாட்டை நுனிபோல முடியவேண்டும். கீழே அடிப்பது எல்லோருக்கும் வரும். மேலே இழுப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதற்கு மல்லாந்து படுத்துப் பழகுவது நல்ல வழி. கட்டைத் துடுப்புக் காலணி மாட்டிக்கொண்டால் தண்ணீரின் பிடிமானம் சீக்கிரம் புரியும்.

பெரியவர்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை கணுக்கால். வருஷக்கணக்கில் செருப்பும் பூட்ஸும் போட்டு இறுகிப்போன பாதம், பின்னால் நீள மறுக்கிறது. குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் இதற்கு உதவும். முழங்கால் வலிக்காரர்கள் விட்டுவிடலாம். சில வாரங்களில் சட்டென்று பலன் தெரியாது. அதற்காக ரோஷப்பட்டு மூச்சை இழுத்துப் பிடித்து நீளம் கூட்டப் பார்ப்பது பெரிய அபாயம்.

மூச்சுவிடத் தவிப்பு வருவது, முக்கியமாக உடம்பில் கரியமில வாயு சேர்வதால். மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் அந்த வாயு குறைந்துவிடும். எச்சரிக்கை மணியும் தாமதமாக அடிக்கும். அதற்குள் பிராணவாயு தீர்ந்து, நன்றாக நீந்துகிறவரே சத்தமில்லாமல் நீருக்குள் மயங்கிவிடுவார். கரையில் நிற்பவர் அவர் இன்னும் பழகுகிறார் என்றே நினைப்பார்.

ஆகவே தனியாகப் பழகக் கூடாது. ஆறோ ஏழோ உதை. மேலே வந்து நன்றாக மூச்சு வாங்கி, இளைப்பாறி, மறுபடி ஒரு முறை. கொள்ளிடமும் தேவனாம்பட்டினத்து அலையும் இதற்கு ஏற்ற இடங்களல்ல. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் தடுப்பணை நீரில் பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்ததை இந்த ஜில்லா மறக்கவில்லை. மிதக்கவே தெரியாதவர்கள் முதலில் மிதக்கப் பழகட்டும். தெரிந்தவர்கள், அடி தெரியும் தெளிந்த குளத்தில், பயிற்சியாளர் கண்முன்னால், சுவரை உதைத்துப் புறப்படலாம்.