கச்சாச்சா மன்றங்கள்: ருவாண்டாவில் குற்ற ஒப்புதலும் மன்னிப்பும்

ருவாண்டாவின் மொழியாகிய கின்யருவாண்டாவில் நல்லிணக்கத்தைக் குறிக்கும் 'உப்வியுங்கே' என்னும் சொல், முறிந்த எலும்பு மீண்டும் பொருந்துவதோடு தொடர்புடையது. எலும்பு 'கூடியது' என்று தமிழிலும் வழங்குகிறோம். ஆயினும் 'நல்லிணக்கம்' என்னும் நம் மொழிபெயர்ப்பில் முறிவும் வலியும் புலப்படுவதில்லை. கச்சாச்சா மன்றங்களை விளங்கிக்கொள்ள அவ்விரண்டும் இன்றியமையாதன.

1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறத்தாழ 100 நாள்களில் 8,00,000 பேர் கொல்லப்பட்டனர் என்பது பரவலான மதிப்பீடு. 10,00,000க்கும் மேல் என்பது அந்நாட்டரசின் கணக்கு. மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் துட்சிகள். கொலைகளை எதிர்த்த ஹூட்டுகளும் அவர்களுள் அடங்குவர். கொன்றோருள் பலர் அண்டை வீட்டார். ஆண்டுகள் சில கழிந்தபின் சிறைகளில் 1,20,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். அருஷாவில் இயங்கிய பன்னாட்டுத் தீர்ப்பாயமோ 93 பேர்மீது மட்டுமே குற்றஞ்சாட்டியது.

'கச்சாச்சா' என்பதன் பொருள் புல். ஊரார் புல்தரையில் அமர்ந்து நிலம், கால்நடை முதலியவை பற்றிய வழக்குகளைத் தீர்த்த மரபு அது. கொலை வழக்குகள் அம்மரபுக்கு உரியனவல்ல. ஆகவே, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மன்றங்களை மரபின் மீட்சி என்பதைவிட, மரபின் பெயர்தாங்கிய அரசமைப்பு என்பதே பொருந்தும். ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர்கள் 'இன்யங்கமுகாயோ' எனப்பட்டனர். வழக்கறிஞர்களுக்கு அங்கு இடமில்லை. 2012 ஜூன் மாதம் நிறைவுறும்வரை ஏறத்தாழ 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன.

இவ்வமைப்பின் உயிர்நிலை குற்ற ஒப்புதல். கொன்றதை மட்டும் கூறினால் போதாது. எங்கே, எவ்வாறு, யாருடன் சேர்ந்து என்பதையும், உடல் எங்கே கிடக்கிறது என்பதையும் கூறி, ஊரறிய மன்னிப்பு வேண்டுதல் வேண்டும். ஏற்கப்பட்டால் தண்டனை குறையும். அதன் ஒரு பகுதி சமூகப் பணியாகவும் மாற்றப்படும். இங்கு நுட்பமானதொரு வேறுபாடு உண்டு. மன்னிப்பு வேண்டுதலைச் சட்டம் கோரியது, மன்னித்தலைக் கோரவில்லை. எனினும் சாணை, வாய்க்கால், சந்தை என நாள்தோறும் எதிர்ப்படும் ஊரில், மன்னிக்க மறுத்த கைம்பெண் எத்துணை நெருக்குதலுக்கு ஆளானாள் என்பதைச் சட்டத்தின் வாசகம் காட்டாது. தண்டனைக் குறைப்புக்காகவே சொல்லப்பட்ட சொற்களைக் கழிவிரக்கமாகக் கொள்வதா என்னும் ஐயமும் உயிர்பிழைத்தோரிடையே நிலவியது.

சூறையாடப்பட்ட பொருளுக்கு ஈடு விதிக்க மன்றங்களால் இயன்றது; இழந்த உயிருக்கு ஈடு வழங்கவில்லை. சாட்சிகள் சிலர் கொல்லப்பட்டனர். ருவாண்டா தேசபக்த முன்னணிப் படையினர் புரிந்த கொலைகள் இம்மன்றங்களின் அதிகார வரம்புக்குள் வரவில்லை. அவற்றில் உறவினரை இழந்தோர் புல்தரையில் கேட்போராக மட்டுமே அமர்ந்திருந்தனர்.

இத்தனை குறைகளுக்கிடையிலும் ஒன்று நிகழ்ந்தது. கொன்றவன் வாய்திறந்தாலன்றி அறியவியலாத புதைகுழிகள் பல தோண்டப்பட்டன. பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோர் தம்மவர் எலும்புகளை எடுத்து உரிய முறையில் அடக்கம் செய்தனர்.